நாளுக்கு 150 ரூபாய்: சென்னையில் ஆறு நாள்

முதல் நாள், செவ்வாய்

எழும்பூரில் இறங்கும்போது மணி ஆறே முக்கால். அக்கா மகளின் தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, கக்கத்தில் ஒரு தலையணை. தலையணை எதற்கு என்று கோவில்பட்டியிலேயே கேட்டேன். "அம்மா குடுத்து விட்டுச்சு மாமா" என்றாள். அதற்கு மேல் பேச்சில்லை.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. முடித்துவிட்டு குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். வீட்டில் இருந்தால் படிப்பு ஓடுவதில்லை. விருந்தாள் வந்தால் காபி போட எழுந்திருக்க வேண்டும், குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். கல்லூரித் தோழி ஒருத்தி சைதாப்பேட்டையில் ஒரு மகளிர் விடுதியில் இருக்கிறாள். அவள் அறையில் ஒரு கட்டில் காலி. வாடகையை அக்கா கட்டிவிடுவாள். சாப்பாடு, டீ, பஸ், படிக்க இடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 4500 ரூபாய். நாளுக்கு 150. "இதுக்குள்ள மெட்ராஸ்ல ஒரு பிள்ள இருந்து படிக்க முடியுமா, முடியாதா? பாத்துட்டு வந்து சொல்லு" என்று என்னையும் கூட ஏற்றிவிட்டாள். நான் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவன். லேப்டாப்பை வைக்க ஒரு பலகை கிடைத்தால் எங்கேயும் வேலை நடக்கும். எனக்கு ஜாகை திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன்.

விடுதியில் பைகளைப் போட்டுவிட்டு நேராக அம்மா உணவகம். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். இட்லிக்கு 2013 பிப்ரவரியில் தொடங்கியபோது வைத்த விலை, இன்றும் அதேதான். கல்லாவில் டோக்கன் வாங்கி நீட்டினால், உள்ளே சேலைக்கு மேல் ஏப்ரன் கட்டிய அக்காக்கள் தட்டில் வைத்து சாம்பாரை ஊற்றித் தருகிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். நின்றபடி சாப்பிட உயரமான மேஜை. என் பக்கத்தில் ஒரு கொத்தனார், எதிரே கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும் பையன், மூலையில் பேத்திக்கு ஊட்டும் ஆயா. பஞ்சு இட்லி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆவி பறந்தது. அவளுக்கு மூன்று இட்லி, ஒரு பொங்கல். 8 ரூபாய்.

மதியமும் அங்கேயே ஒரு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம். இன்னொரு 8 ரூபாய். இவ்வளவு சுலபமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். உச்சி வெயில். விடுதி அறையில் மூன்று பேர், ஒரு மின்விசிறி. "எங்கயாச்சும் உக்காந்து படிக்கலாம் மாமா" என்றாள். சரி என்று கண்ணில் பட்ட ஏ.சி. காபிக்கடை ஒன்றில் நுழைந்தோம். ஒரு காபி 240 ரூபாய். ஒன்று மட்டும் சொல்லி, இரண்டு டம்ளர் கேட்டேன். அவள் சமச்சீர் பாடப்புத்தகத்தை விரித்தாள், நான் லேப்டாப்பைத் திறந்தேன். அரை மணி நேரத்தில் ஒரு தம்பி வந்து மேஜையைத் துடைத்தான். மேஜை சுத்தமாகத்தான் இருந்தது. கால் மணி கழித்து மறுபடியும் வந்து துடைத்தான், இந்த முறை அவள் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாம் முறை "வேற ஏதாச்சும் ஆர்டர் சார்?" அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ராத்திரி அவள் நோட்டில் எழுதினாள்: காலை 8, மதியம் 8, டீ 15, காபி 240 (மாமா). மொத்தம் 271. நாள் கணக்குக்கு 121 ரூபாய் கூடுதல். இரண்டு வேளைச் சாப்பாடு 16 ரூபாய், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்ததற்கு 240. இந்த ஊரில் பசி மலிவு, நாற்காலிதான் விலை என்று தோன்றியது.

இரண்டாம் நாள், புதன்

திருவல்லிக்கேணியிலிருந்து கோட்டூர்புரத்துக்குப் பறக்கும் ரயில், 5 ரூபாய். அந்த நிலையங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்யாண மண்டபம் மாதிரி பிரமாண்டமாகக் கட்டிவிட்டு ஆளே இல்லாமல் கிடக்கும். புறாக்கள்தான் நிரந்தரப் பயணிகள். ரயில் மட்டும் நன்றாக இருக்கிறது. அடையாற்றை மேலே இருந்து கடக்கும்போது காற்று முகத்தில் அடித்தது. மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

அவள் சைதாப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்தாள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021-இலிருந்து காசில்லை. கண்டக்டர் ஒரு சீட்டை மட்டும் கிழித்துக் கொடுப்பார். அதை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் "0" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள்.

அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15 அன்று திறந்தது. ஒன்பது மாடி, எட்டு ஏக்கர் வளாகம், 12 லட்சம் புத்தகங்கள் வைக்க இடம். அடுத்த ஆண்டே ஆட்சி மாறி, இதைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அறிவித்தார்கள். உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. இன்றைக்குக் காலை வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தபோது அந்த வழக்கு ஞாபகம் வந்தது. திறக்கும் முன்பே அறுபது எழுபது பேர். எல்லார் முதுகிலும் பை, கையில் தண்ணீர்ப் பாட்டில்.

எங்களுக்கு வேண்டியது தரைத்தளத்தில் இருக்கும் சொந்த நூல் வாசிப்புப் பிரிவு. நம் புத்தகத்தை நாமே கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கலாம். ஒரு பைசா கிடையாது. மேலே தளங்களில் நூலகத்தின் புத்தகங்கள், இங்கே நம்முடையவை. கதவு திறந்ததும் ஒரு மெல்லிய ஓட்டம் நடந்தது. யாரும் ஓடுவதாகக் காட்டிக்கொள்வதில்லை, ஆனால் எல்லாரும் வேகமாக நடக்கிறார்கள். எங்கள் ஊரில் டவுன் பஸ்ஸுக்குத் துண்டு போடுவது போல இங்கே நாற்காலியில் ஸ்கேல், பென்சில் பாக்ஸ், மடித்த துப்பட்டா. நாங்கள் விவரம் தெரியாமல் மெதுவாகப் போய், சுவரோரம் தள்ளித் தள்ளி இரண்டு இடம் பிடித்தோம்.

அப்புறம் நாள் முழுவதும் யாரும் மேஜையைத் துடைக்க வரவில்லை.

எதிரே ஒரு பையன் இந்திய அரசமைப்பின் அட்டவணைகளை ஒரு சார்ட்டில் எழுதி, வாய் அசைய மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். ஐந்தாவது, ஆறாவது, பத்தாவது. பத்தில் வந்து ஒவ்வொரு முறையும் நின்று கண்ணை மூடுவான். அது கட்சித் தாவல் தடை என்று எனக்கே சொல்லிவிடத் தோன்றியது. பதினொரு மணிக்கு மேல் அவனுக்கு இந்தப் பக்கம் ஒருவர் மெல்லக் குறட்டை விட்டார். யாரும் எழுப்பவில்லை. அவர் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வருகிறவராம், பிறகு சாப்பாட்டு நேரத்தில் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தைச் சொல்லியாக வேண்டும். வளாகத்திலேயே உணவகம் உண்டு. ஆனால் பெரும்பாலோர் டிபன் பாக்ஸோடு வெளியே வந்து, நிழல் பார்த்து வட்டம் வட்டமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்த மாவட்டத்துக்காரர் என்பது பாக்ஸைத் திறந்ததும் தெரிந்துவிடும். ஒரு வட்டத்தில் கடலைத் துவையல் வாசனை வந்ததும் அக்கா மகளின் தலை திரும்பியது. விளாத்திகுளத்துப் பிள்ளை! பத்து நிமிடத்தில் அவள் அந்த வட்டத்தில் இருந்தாள். நான் தனியாக உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டேன்.

மாலை முதல் தளத்துக்கு ஏறி, சிறுவர் பிரிவில் நடுவே நிற்கும் செயற்கை மரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாம் தளத்தில் தமிழ் நூல்களுக்குள் ஒரு மணி நேரம் தொலைந்தேன். வெளியே வந்து டீ 15, வாழைக்காய் பஜ்ஜி 10. ராத்திரிக்கு மறுபடி அம்மா உணவகம், இரண்டு சப்பாத்தி 3 ரூபாய் கணக்கில் நான்கு. இன்றைய கணக்கு 99.

மூன்றாம் நாள், வியாழன்

எல்லா நாளும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும் என்று எழும்பூருக்கு வந்தோம். பாந்தியன் சாலையில் அருங்காட்சியக வளாகத்துக்குள் கன்னிமாரா நூலகம். 1890-இல் அடிக்கல் நாட்டியவர் அன்றைய கவர்னர் கன்னிமாரா பிரபு. 1896 டிசம்பர் 5 அன்று திறந்தார்கள். இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் இது ஒன்று. பழைய கட்டடத்தின் வளைந்த கூரையையும் வண்ணக் கண்ணாடியையும் பார்த்துவிட்டு அவள் "இதுல உக்காந்து படிச்சா புக்கு தெரியாது மாமா, மேலதான் பாத்துட்டு இருப்போம்" என்றாள். படிக்கிற கூட்டம் புதிய கட்டடத்தில்தான். போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வாங்கப் போனால் ஆயிரக்கணக்கில் ஆகும் புத்தகங்கள். அங்கே அவளை விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரு ஆசை. ஒவ்வொரு நூலும் இங்கே வர வேண்டும் என்றால் நான் மெய்ப்புப் பார்த்ததும் வந்திருக்க வேண்டுமே! தமிழ் அடுக்கில் தேடினேன். முக்கால் மணி நேரத்தில் ஒன்று கிடைத்தது. நாலு வருடம் முன்பு திருத்தியது. பெருமையாகப் பிரித்தால் ஏழாம் பக்கத்தில் "படித்து கொண்டிருந்தான்" என்று க் இல்லாமல் நிற்கிறது. பென்சில் கைக்கு வந்துவிட்டது. நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது. மூடி வைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் சாப்பிட்ட எலுமிச்சை சாதம் ருசிக்கவில்லை.

மனசைத் தேற்ற ராத்திரி அத்தோ, பர்மா நூடுல்ஸ். எழும்பூரிலிருந்து கடற்கரை நிலையத்துக்கு மின்சார ரயில், 5 ரூபாய். நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டிகள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. கொஞ்ச தூரத்தில் இருக்கும் பர்மா பஜாரும் அவர்கள் வந்து உட்கார்ந்த இடம்தான். அண்ணன் ஒரு பேசினில் ஆரஞ்சு நிற நூடுல்ஸைப் போட்டார். மேலே நறுக்கிய முட்டைக்கோஸ், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், உள்ளங்கையில் நொறுக்கிய தட்டை, பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள். கை போட்டுப் பிசைந்தார். பிசையும்போதே நமக்கு நாக்கு ஊறும். தட்டில் கொட்டி, கூடவே வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம். சூப் தீர்ந்தால் கேட்காமலே ஊற்றுகிறார். அப்புறம் மசாலா முட்டை. அவித்த முட்டையைக் கீறி, அதற்குள் பொரித்த வெங்காயம் பூண்டை அடைத்து, புளித்தண்ணீர் விட்டுத் தருவார்கள். முழுதாக வாய்க்குள் போட வேண்டும், கடித்தால் சட்டை போய்விடும். என் சட்டை போய்விட்டது.

அத்தோவுக்கு நாற்காலி கிடையாது. நின்று சாப்பிட்டால்தான் ருசி என்று அண்ணன் சொல்கிறார். அவர் அப்படித்தான் சொல்வார்.

இன்றைக்கு 165. பதினைந்து கூடுதல், அத்தோ கணக்கில்.

நான்காம் நாள், வெள்ளி

காலையில் சைதாப்பேட்டை மாரி ஹோட்டல் வடகறி. கடலைப் பருப்பை அரைத்து வேகவைத்து உதிர்த்து மசாலாக் குழம்பில் போடும் சமாச்சாரம். இட்லியோடும் போகும், செட் தோசையோடும் போகும். இந்தப் பேட்டையின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பண்டம். நான் இரண்டு முறை வாங்கினேன். கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணா நகரில் தனியார் ரீடிங் ஹால்கள் நிறைய என்று தோழி சொன்னதால் ஒன்றைப் பார்க்கப் போனோம். ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்கள் மொய்க்கும் பகுதி அது. மாடியில் ஒரு கூடம், தடுப்பு வைத்த மேஜைகள், ஏ.சி., வைஃபை. ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு தலை குனிந்திருந்தது. பிராய்லர் கோழிக் கூண்டு ஞாபகம் வந்தது, சொல்லவில்லை. மாதம் 2200, முன்பணம் 1000. முன்பணம் திரும்ப வருமா என்றேன். "அது மெயின்டனன்ஸ் சார்" என்றார்கள். அப்படியென்றால் முன்பணம் என்று ஏன் பெயர்? ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேரலாமா என்றால், அதற்கு 150. அவளுடைய ஒரு நாள் காசு முழுவதும். கீழே இறங்கிவிட்டோம். வசதி இருக்கிறவர்களுக்கு நல்ல இடம்தான். அமைதி இருந்தது, சத்தியமாக இருந்தது.

அங்கிருந்து கொளத்தூர், பெரியார் நகர். 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம். நான் பார்க்க விரும்பியது இதைத்தான். ஒரு தளத்தில் என்னைப் போல லேப்டாப்போடு அலைகிறவர்களுக்கு மேஜை, அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100. இன்னொரு தளம் மாணவர்கள் படிக்க, கட்டணம் அதைவிட மிகக் குறைவு. மேல் தளத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட இடம். அந்தக் காபிக்கடைக் காபி ஒன்றின் காசில் இங்கே இரண்டு முழு நாள் உட்கார்ந்து, மிச்சத்துக்கு இரண்டு டீ குடிக்கலாம். ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு வர வேண்டும். நாங்கள் கிளம்பும் அவசரத்தில் செய்யவில்லை. போன நேரத்தில் இடம் இல்லை. எங்கள் தப்புதான்.

வாசலில் நின்றபோது அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "நம்ம ஊர்ல ஏன் மாமா இப்படி ஒண்ணு இல்ல?" எங்கள் தெருக்கோடியில் ஒரு கிளை நூலகம் உண்டு. மூன்று நாற்காலி. இரண்டில் தினசரிப் பேப்பர் படிக்கும் பெரியவர்கள், மூன்றாவதுக்குக் கால் ஆடும். பதில் சொல்லாமல் பெரம்பூர் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறினோம்.

ஐந்தாம் நாள், சனி

அவள் விளாத்திகுளத்துப் பிள்ளையோடு கோட்டூர்புரம் போய்விட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. நல்லது.

திருவல்லிக்கேணியில் தனிக்கட்டைகளின் பசியை நம்பியே தெருவுக்குத் தெரு மெஸ். மதியம் ஒன்றில் 100 ரூபாய் டோக்கன், அளவில்லாச் சாப்பாடு. சாப்பிடுகிற ஒவ்வொருவருக்குப் பின்னாலும் அடுத்த ஆள் நிற்கிறான். என் முதுகில் ஒருவருடைய மூச்சே பட்டது. ரசம் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் மோர் வந்துவிட்டது. பன்னிரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டேன். சாப்பாடு அருமை. உட்காரத்தான் இங்கேயும் நேரமில்லை.

மாலையில் ரத்னா கபே. 1948-இலிருந்து சாம்பார் இட்லிக்குப் பேர் போன கடை. இட்லி முங்கும்வரை ஊற்றிவிட்டு, இன்னும் வேண்டுமா என்று வாளியோடு வருவார்கள். சாம்பாரைக் குடித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். நானும் குடித்தேன். மறுபடி ஊற்றச் சொன்னேன், முகம் சுளிக்கவில்லை. அக்கா மகளின் கணக்கில் இது வராது, வாரம் ஒரு தடவை வந்தால் தப்பில்லை.

மேன்ஷன் அறையில் மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் கிரிக்கெட். மூடி வைத்துவிட்டேன்.

ஆறாம் நாள், ஞாயிறு

காலையில் பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகங்கள். பெரியவர்களுக்கு இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடுதான். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோன பிறகு பழைய புத்தகம் தேடுகிறவர்கள் இங்கேயும் அலைகிறோம். குவியலிலிருந்து ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு மட்டும் இல்லை. "நாளைக்கு வா தம்பி" என்றார் கடைக்காரர். நாளைக்கு நான் ஊரில் இருப்பேன் என்றேன். ஓரத்தில் கிடந்த இன்னொரு மூட்டையை அவிழ்த்து, பத்து நிமிடம் தேடி, அட்டை கிழிந்த ஒன்பதாம் வகுப்பை எடுத்து நீட்டினார். நான்கு புத்தகத்துக்குச் சொன்ன விலையையே ஐந்துக்கும் வாங்கிக்கொண்டார். 120 ரூபாய்.

கோட்டூர்புரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வெளியே வந்து வாங்கிக்கொண்டாள். நின்றபடியே புரட்டினாள், யாரோ ஒரு பையன் முந்தைய வருடங்களில் கேட்ட கேள்விகளை எல்லாம் ஓரத்தில் குறித்து வைத்திருந்தான். "மாமா, இது புதுப் புத்தகத்தவிட நல்லா இருக்கு" என்றாள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். முடியுமா என்றாள். 150-இல் முடியும், ஆனால் காலையில் சீக்கிரம் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும் என்றேன். "அவளா?" என்று சிரித்தாள். வாரத்துக்கு ஒரு அத்தோவுக்காக 100 ரூபாய் கூடப் போடச் சொன்னேன். "அத்தோன்னா என்னடா?" விளக்குவதற்குள் பஸ் வந்துவிட்டது.

ரயில் ராத்திரிதான். ஏழு மணிக்கு எழும்பூர் நடைமேடையில் தோசைப் பொட்டலத்தோடு அவளுக்காகக் காத்திருந்தேன். வழியனுப்ப வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். குறுஞ்செய்தி வந்தது: "மாமா ஜன்னல் பக்கம் சீட்டு கெடச்சிருச்சு. எந்திரிச்சா போயிரும். நீங்க பாத்துப் போங்க. தலகாணிய மட்டும் ஊருக்குக் குடுத்து விடணும், நாளைக்குப் பார்சல்ல போடுறேன்."

இன்றைய கணக்கு அவள் நோட்டில்தான் இருக்கிறது.